வீராவின் பின்பக்கப் புஷ்கள்

காரின் சக்கரத்தைப் பிடித்திருக்கும், ஆர்ம் எனப்படும் இரும்புக் கைகள் வண்டியின் உடம்போடு நேரடியாகச் சேர்வதில்லை. சேரும் இடந்தோறும் நடுவில் ஒரு புஷ் இருக்கும். வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே அதைவிடச் சிறிய இன்னோர் இரும்புக் குழாய், இரண்டுக்கும் இடையில் கெட்டியான ரப்பர்: இவ்வளவுதான் அதன் உடல். வெளிக்குழாய் ஆர்மின் கண் எனும் துளைக்குள் இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். உள்குழாயின் நடுவே போல்ட் நுழைந்து வண்டியைப் பிடிக்கும். ரப்பரைக் கந்தகத்தோடு சூட்டில் வேகவைக்கும்போதே அது இரும்போடு சேர்ந்து இறுகிவிடுவதால், ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது புஷ்ஷுக்குள் எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. ரப்பர் முறுக்கிக்கொடுத்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. புஷ் மாற்றும் வேலையில் நன்றாகச் செய்வதும் கெடுத்துவிடுவதும் கடைசியில் இந்தச் செய்தியில்தான் போய் நிற்கும்.

அதிர்ச்சி தாங்குவதுதான் புஷ்ஷின் வேலை என்று பலரும் நினைப்பார்கள். அது பாதி உண்மை. சாலையின் சத்தமும் நடுக்கமும் உடம்புக்கு ஏறாமல் அது தடுக்கிறது. ஆர்ம் ஆட இடம் கொடுக்கிறது. எல்லாவற்றையும்விட, சக்கரம் எந்தத் திசையில் எவ்வளவு அசையலாம் என்பதை அளந்து விடுகிறது. பெரிய புஷ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் ரப்பரில் பிறை வடிவில் இரண்டு இடைவெளிகள் தெரியும். புதிதாகப் பார்ப்பவர் கிழிந்த சரக்கு என்று திருப்பிக் கொடுக்கப் பார்ப்பார். அவை கணக்கோடு விடப்பட்டவை. இடைவெளி உள்ள திசையில் ரப்பர் மெத்தென்று கொடுக்கும், அதற்குக் குறுக்கே கெட்டியாக நிற்கும். பள்ளத்தில் இறங்கும் சக்கரம் இழை அளவு பின்னால் போய் வர வேண்டும். வளைவில் அதே சக்கரம் பக்கவாட்டில் நகரக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே ரப்பர்த் துண்டிடம் வேலை வாங்கியிருப்பது பெரிய திறமை.

இங்கே நினைவுகூரப்படுவது கோத்தா திங்கியில், ஒரு வீட்டின் கார் போர்ச்சில், பழைய புரோட்டோன் வீரா ஒன்றுக்குப் பின்பக்கப் புஷ்கள் மாற்றிய வேலை. மலேசியாவின் முதல் தேசியக் காரான சாகா 1985 ஜூலையில் வந்தது. அதற்குப் பின் 1993இல் வந்த வீரா, மிட்சுபிஷி லேன்சரை அடிப்படையாகக் கொண்டது; 2009 வரை தயாரிப்பில் இருந்தது. அதன் பின்பக்கம் மல்டிலிங்க் அமைப்பு. சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனியாக, முன்னிருந்து பின்னோக்கி ஓடும் டிரெய்லிங் ஆர்ம் ஒன்று, குறுக்கே மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், சக்கரத்தின் திசையைப் பிடித்துவைக்கும் சிறிய லிங்க் ஒன்று. அந்த அளவுக் கார்கள் பலவற்றில் இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே உத்தரம் இணைத்திருந்த காலத்தில் இது மதிக்கத்தக்க ஏற்பாடு. கிழக்குக் கரைச் சாலையின் வளைவுகளில் வீரா நிதானமாகப் போனதற்கு இதுவே காரணம். ஆனால் கைகள் கூடினால் மூட்டுகளும் கூடும். பக்கத்துக்கு ஏழெட்டு ரப்பர் மூட்டுகள் இருக்கும் அமைப்பில், ஒவ்வொன்றும் கொஞ்சம் தளர்ந்தாலே மொத்தத்தில் சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பத் தொடங்கிவிடும்.

அந்த வண்டி தொண்ணூறுகளின் நடுவில் வாங்கப்பட்டது. வேலை நாட்களில் கூட்டரசுச் சாலை மூன்றில் உலு திராம் வழியாக ஜொகூர் பாருவுக்குப் போய்வரும். ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். விடுமுறையில் உறவினர் வீடு தேடி மெர்சிங் பக்கமோ, செம்பனைத் தோட்டங்களுக்குள் ஓடும் செம்மண் பாதைகளிலோ போகும். பரப்பளவில் ஜொகூரின் மிகப் பெரிய மாவட்டம் கோத்தா திங்கி. பெல்டா நிலத் திட்டங்களும் தோட்டங்களும் நிறைந்த மாவட்டம் என்பதால், பழக்குலை ஏற்றிய லோரிகளும் எண்ணெய் டாங்கிகளும் சாலையை ஓயவிடுவதில்லை. பாரம் ஓடும் தடத்தில் தார் அலையலையாக ஒதுங்கிக் கிடக்கும். தோட்டத்துச் செம்மண் பாதை வெயிலில் கழுவுபலகை போலச் சின்னச் சின்ன வரிகளாக இறுகும். பெரிய குழியைவிட இந்த வரிகள்தாம் புஷ்ஷுக்குக் கேடு. குழி எப்போதாவது ஒரு அடி கொடுக்கும். வரிப்பாதையோ ஒவ்வொரு நொடியிலும் பல முறை ரப்பரை முறுக்கி விடும், அந்த முறுக்கலில் உள்ளே சூடு ஏறும்.

சாலை பாதி செய்தது, வெள்ளம் மீதியைச் செய்தது. 2006 டிசம்பரிலும் மறுபடியும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் ஆறு கரை மீறி, கோத்தா திங்கி பட்டணத்தையே மூழ்கடித்தது. ஜனவரி வெள்ளத்தில் ஜொகூர் மாநிலத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பட்டணத்தில் அப்போது இருந்தவர்களுக்கு அந்த இரண்டு மாதங்களும் மறக்கக்கூடியவை அல்ல. முதல் வெள்ளத்துக்குப் பிறகு சேறு அள்ளிக் கழுவி, நாற்காலியை வெயிலில் காயவைத்த வீடுகளுக்குள் மறுபடியும் தண்ணீர் வந்தது. இந்த வீராவும் சக்கரம் மறையும் அளவு சேற்றுத் தண்ணீரில் நின்றது. எஞ்சினும் மின்கம்பிகளும் பிழைத்ததையே பெரிதாக எண்ணி, வண்டிக்கு அடியில் யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் ரப்பரை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆனால் நுண்ணிய மண் போல்ட்டுக்கும் உள்குழாய்க்கும் இடையில் புகுந்து தங்கிவிட்டது. அது ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்த்த கதை, ஸ்பேனர் போட்ட நாளில்தான் தெரிந்தது.

தேய்ந்த புஷ் ஒரே நாளில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. முதலில் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னால் ஒரு மங்கிய ‘டொக்’ சத்தம் வரும். அப்சார்பர் போய்விட்டது என்று நினைத்து அதை மாற்றுவார்கள். சத்தம் கொஞ்சம் குறைந்தது போலத் தோன்றும், பிறகு திரும்பும். அடுத்து லோரியை முந்தும்போது வண்டியின் வால் பக்கம் லேசாக நெளியும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தும் கார் தானே திரும்புவது போல ஓர் உணர்வு. அதற்குப் பிறகு டயர். பின் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். கையை ஒரு திசையில் தடவினால் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் இருக்கும். சக்கரம் தான் பார்க்கும் திசையில் போகாமல் இழுபட்டுப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. சக்கரம் ஒரே ஒரு டிகிரி தவறான திசையில் நின்றாலும், ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஏறக்குறைய பதினேழு மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது என்று கணக்குச் சொல்கிறது. டிகிரியில் பத்தில் ஒரு பங்கு என்றாலும் கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மீட்டர். ஜொகூர் பாரு போய் வருவதற்குள் அந்த டயர் நூற்றைம்பது மீட்டர் தூரம் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும்.

இந்த வீராவுக்கு அலைன்மென்ட் போட்டார்கள், மறுபடியும் போட்டார்கள். எண்கள் மேடையில் சரியாக வந்தன. சாலையில் இறங்கிச் சில வாரங்களில் டயர் மறுபடியும் உள்விளிம்பில் தேய்ந்தது. தோட்டத்துப் பட்டறையில் பல காலம் லோரியும் டிராக்டரும் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்தான் விஷயத்தை ஒரே வாக்கியத்தில் முடித்தார்: “புஷ் போச்சுன்னா அலைன்மென்ட் எத்தன வாட்டி போட்டாலும் நிக்காது தம்பி.” மேடையில் வண்டி நிற்கிறது, சாலையில் பிரேக் பிடிக்கும்போதும் வளையும்போதும் தளர்ந்த ரப்பர் சக்கரத்தை வேறெங்கோ கொண்டுபோய் நிறுத்துகிறது. நிற்கும் வண்டியில் எடுத்த அளவு ஓடும் வண்டிக்குப் பொருந்தாமல் போவது இப்படித்தான்.

சோதிப்பது எளிது, பாதுகாப்பாகச் செய்தால். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, உடனே இரும்புத் தாங்கிகளின் மேல் இறக்கிவிட வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. பெரியவர் தாங்கிகள் வைத்த பிறகும், கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்கவைப்பார். தாங்கி சரிந்தாலும் நடுவில் ஓர் ஆள் படுக்க இடம் மிஞ்சும். இந்தப் பழக்கத்தை வீட்டில் வண்டி வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் கைக்கொள்ள வேண்டும். பிறகு ஆர்முக்கும் அது பொருந்தியிருக்கும் தாங்கிக்கும் இடையில் நெம்புகோலை வைத்து மெல்ல அழுத்திப் பார்ப்பது. நல்ல புஷ் கொஞ்சம் அசைந்து, விட்டவுடன் திரும்பும். போன புஷ்ஷில் உள்குழாய் ரப்பரைவிட்டுத் தனியே நகரும். வெடிப்புக்குள் நெம்புகோலின் நுனி போய்விடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், இன்னொருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் குறை பேரிங்கில். நிற்காவிட்டால் குறை மூட்டுகளில். அன்று இடப்பக்க டிரெய்லிங் ஆர்மின் பெரிய புஷ்ஷில் ரப்பர் ஏறக்குறைய முழுச் சுற்றும் பிய்ந்திருந்தது. வலப்பக்கம் பாதி. குறுக்கு ஆர்ம்களின் சிறிய புஷ்களில் மேலோட்டமான வெடிப்புகள்.

மேலோட்டமான வெடிப்பைக் கண்டு பதற வேண்டாம். காற்றில் உள்ள ஓசோன், இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரைத் தாக்கும். இழுவிசைக்குக் குறுக்காக மெல்லிய கோடுகள் விழும். தயாரிக்கும்போதே மெழுகும் பாதுகாப்பு மருந்துகளும் சேர்ப்பார்கள், ஆனாலும் வெப்ப நாட்டில் பதினைந்து ஆண்டு நின்ற ரப்பரில் கோடுகள் வராமல் இருக்காது. கோடு ஆழத்துக்குப் போனதா, ரப்பர் இரும்பைவிட்டுப் பிரிந்ததா என்பதே கேள்வி. எண்ணெயின் கதை வேறு. இயற்கை ரப்பர் கனிம எண்ணெயைக் குடித்து ஊதி, வலுவிழந்து, கையால் பிய்க்கும் அளவுக்குக் களியாகிவிடும். கசியும் கியர் எண்ணெயோ, அடிப்பகுதிக்குப் பளபளப்பு வேண்டும் என்று தெளித்த கழிவு எண்ணெயோ புஷ்ஷின் ஆயுளைக் குறைக்கும். அடிப்பாகத்தில் துரு பிடிக்காதிருக்கப் பழைய எஞ்சின் எண்ணெய் பூசும் வழக்கம் ஒரு காலத்தில் பல ஊர்களில் இருந்தது. இரும்புக்கு நல்லது, ரப்பருக்கு நஞ்சு.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் இன்னும் ரப்பர்? சந்தையில் பாலியூரித்தேன் புஷ் கிடைக்கிறது. சிவப்பிலும் மஞ்சளிலும் அழகாக இருக்கும், எண்ணெய்க்கும் அஞ்சாது, நீண்ட நாள் வரும். அது பெரும்பாலும் ரப்பரைவிடக் கெட்டி. வளைவில் வண்டி சட்டென்று கேட்கும், ஆனால் சாலையின் ஒவ்வொரு சிறு கல்லும் இருக்கைக்கு ஏறும். அதைவிட முக்கியமானது வேறு. பாலியூரித்தேன் இரும்போடு ஒட்டி முறுக்கிக்கொடுப்பதில்லை, உள்குழாய் அதற்குள் சுழல்கிறது. அதனால் கிரீஸ் காய்ந்தால் கிரீச்சிடும். டிரெய்லிங் ஆர்ம் மேலும் கீழும் மட்டும் ஆடுவதில்லை. மல்டிலிங்க் அமைப்பில் அது கொஞ்சம் பக்கவாட்டிலும் சாய்ந்து, கொஞ்சம் திருகியும் போகும். எல்லாத் திசையிலும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் ரப்பருக்கு அது இயல்பான வேலை. கெட்டியான பாலியூரித்தேனோ அங்கே முறைத்துக்கொண்டு நிற்கும், சுமை ஆர்முக்கும் வண்டி உடம்பில் உள்ள தாங்கிக்கும் போகும். பந்தயத்துக்கு ஓட்டுகிறவர் எடுக்கும் முடிவு வேறாக இருக்கலாம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சாலை மூன்றில் ஓடும் வண்டிக்கு, அந்த இடத்தில் ரப்பரே சரி. பெரியவரும் அதையே சொன்னார், அவருக்கு ரப்பரை வேறொரு விதத்திலும் தெரிந்திருந்தது.

அவர் பிறந்தது பால்மரத் தோட்டத்தில். தாயும் தகப்பனும் விடியுமுன் பால் எடுக்க மரம் சீவப் போனவர்கள். மங்கில் வடியும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மற்றது பெரும்பாலும் தண்ணீர். ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகைக்கூடத்தில் காயவைத்த ஷீட்டுகளைச் சிறுவயதில் சுமந்தவர் அவர். 1877இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளிலிருந்து பெருகியதே மலாயாவின் ரப்பர் என்பது பள்ளிப் பாடம். கோத்தா திங்கி மாவட்டத்தின் தென்முனையில் உள்ள பெங்கெராங்கில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர் ரப்பர்த் தோட்டம் திறந்ததும் வரலாறு. பின்னாளில் இதே மாவட்டத்தில் பால்மரம் விலகிச் செம்பனை நிறைந்தது. ஆனால் காரின் அடியில் மட்டும் அந்தப் பாலுக்கு இன்றும் எளிதில் மாற்று இல்லை. இயற்கை ரப்பரை அதிகமாக இழுக்கும்போது அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகம் போல இறுகுகின்றன. வெடிப்பின் முனையில் இழுவை மிக அதிகம் என்பதால், இறுகுவதும் அங்கேயே நடக்கிறது. வெடிப்பு மேலே போகாமல் தடைபடுகிறது. செயற்கை ரப்பர் பலவற்றுக்கு இந்தக் குணம் கிடையாது. கூடவே, முறுக்கி விடும்போது இயற்கை ரப்பரில் சூடாக வீணாகும் ஆற்றலும் குறைவு. லட்சக்கணக்கான முறை முறுக்கப்படும் பொருளுக்கு இவ்விரண்டும் உயிர். மலேசியா 1965இல் எஸ்எம்ஆர் என்ற தர முறையைக் கொண்டுவந்து, ரப்பரைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பதற்குப் பதிலாகச் சோதனைக்கூட அளவால் பிரித்து விற்கத் தொடங்கியது. அதில் பாகு நிலை மாறாமல் நிலைப்படுத்திய ‘சிவி’ தரம், இப்படிப்பட்ட புஷ்களுக்கும் எஞ்சின் மவுண்டிங்குகளுக்கும் விரும்பி வாங்கப்படுகிறது. பால்மரத் தோட்டங்களில் கசந்த வாழ்க்கை வாழ்ந்தவர்களின் உழைப்பு உலகத்துக் கார்கள் பலவற்றின் மூட்டுகளிலும் இருக்கிறது. இதை யாரும் சொல்லாததால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

சரக்கு வாங்குவதில் அவசரம் கூடாது. வீராவுக்கு ஒரிஜினல், உள்ளூர் மாற்றுச் சரக்கு, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் லேன்சரின் ஹாஃப் கட் என்று மூன்று வழி உண்டு. ஹாஃப் கட்டில் ஆர்மோடு சேர்ந்து புஷ் மலிவாகக் கிடைக்கும். இரும்பு நன்றாக இருக்கும், ரப்பரோ அந்த வண்டியின் வயதுதான். பழைய ரப்பரை எடுத்துவிட்டு இன்னொரு பழைய ரப்பரைப் போடுவதில் பொருளில்லை. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழசு என்றால் இரண்டு சக்கரமும் இரண்டு விதமாக விட்டுக்கொடுக்கும், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

அந்த நாட்களில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கலக்கமும் இருந்தது. 2009 அக்டோபரில் அறிவித்த தேசிய வாகனக் கொள்கையில், பதினைந்து ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்குக் கட்டாயச் சோதனை வரும் என்று இருந்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் அரசு அதைக் கைவிட்டது. ஏழைக் குடும்பங்களின் ஒரே வண்டி பறிபோய்விடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் சோதனை இல்லாத நாட்டில் வண்டியின் அடிப்பகுதிக்கு உரிமையாளரே பொறுப்பு என்பதும் அதே அளவு நியாயம். வண்டி கை மாறும்போது வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோம் பார்க்கும் என்பதைத் தவிர, சொந்தக் காரின் புஷ்ஷைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை.

கழற்றும் வேலை துருவோடு நடக்கும் வழக்கு. முந்தின நாளே எல்லாப் போல்ட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிடுவது நல்லது. புதிய புஷ் வருவதற்கு முன் மட்டுமே அந்த எண்ணெய்க்கு அங்கே இடம். சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் போல்ட்டில் மையம் விலகிய வாஷர் இருந்தால், அது நிற்கும் இடத்தை உளியாலோ பெயின்டாலோ குறித்துவைக்க வேண்டும். குறிக்காமல் கழற்றினால் அலைன்மென்ட் மேடைக்குப் போகும்வரை வண்டி நண்டு போல ஓடும். பிரேக் குழாயையும் ஹேண்ட்பிரேக் கம்பியையும் ஆர்மிலிருந்து விடுவித்து, சக்கரப் பகுதியைக் கம்பியால் மேலே கட்டிவைக்க வேண்டும். அந்தப் பாரம் பிரேக் குழாயில் தொங்கினால் ரப்பர்க் குழாய் உள்ளே கிழியும். வெளியே ஒன்றும் தெரியாது.

வெள்ளம் விட்டுப்போன மண் அப்போதுதான் தன் வேலையைக் காட்டியது. இடப்பக்கப் பெரிய போல்ட்டின் நட்டு கழன்றது. போல்ட் வரவில்லை. உள்குழாயோடு ஒன்றாகிவிட்டிருந்தது. நீளக் கைப்பிடி போட்டுத் திருகினால் போல்ட் கொஞ்சம் சுழன்று திரும்பிவந்தது, ரப்பர் முறுக்கிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் பலரும் கேஸ் தீயை நீட்டுவார்கள். பெட்ரோல் டாங்கியும் பிரேக் குழாயும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடம் அது. எரியும் ரப்பரின் புகையும் நுரையீரலுக்கு ஆகாது. பெரியவர் தீயைத் தொடவில்லை. புஷ்ஷின் முகத்துக்கும் தாங்கிக்கும் இடையில் இருந்த இடுக்கில் இரும்பு அறுக்கும் பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்து, போல்ட்டையும் உள்குழாயையும் சேர்த்தே இரண்டு பக்கமும் அறுத்தார். நேரம் பிடித்தது. ஆனால் தாங்கியில் ஒரு கீறல் விழவில்லை. அவசரத்தில் சுத்தியலால் அடித்துத் தாங்கியை வளைத்துவிட்டால், பிறகு எந்தப் புஷ்ஷும் நேராக உட்காராது.

ஆர்ம் வெளியே வந்த பிறகு பழைய புஷ்ஷை ஹைட்ராலிக் பிரெஸ்ஸில் தள்ளுவதே முறை. பிரெஸ் வைத்திருக்கும் பட்டறைக்கு ஆர்மைக் கையில் கொண்டுபோனால் சில நிமிட வேலை. பிரெஸ் இல்லாத இடத்தில் ரப்பரைத் துளைபோட்டு எடுத்து, வெளிக்குழாயை உள்ளிருந்து பிளேடால் அறுத்து, சுருட்டி எடுப்பார்கள். அறுக்கும்போது ஆர்மின் கண்ணில் வெட்டு விழக் கூடாது. விழுந்தால் விரிசல் அங்கிருந்தே தொடங்கும். எடுக்கும் முன், இடைவெளிகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன, இரு ஓரங்களிலும் புஷ் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்பதை ஆர்மின் மேலேயே குறித்துக்கொள்ள வேண்டும். புதிய புஷ்ஷை அதே திசையில் ஏற்ற வேண்டும். தொண்ணூறு டிகிரி தவறினால், பள்ளத்தில் கொடுக்க வேண்டியது முறைக்கும், வளைவில் நிற்க வேண்டியது நழுவும். புதுப் புஷ் போட்ட பிறகு வண்டி முன்பைவிட மோசமாகிவிட்டது என்று வரும் புகார்களில் இதுவும் ஒரு காரணம்.

ஏற்றும்போது கண்ணைத் துரு போகத் தேய்த்து, விளிம்பை லேசாகச் சரித்து, சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். கிரீஸும் எஞ்சின் எண்ணெயும் வேண்டாம். அழுத்தும் குழாய் புஷ்ஷின் வெளிக்குழாயில் மட்டுமே உட்கார வேண்டும். நடுவில் அழுத்தினால் ரப்பர் முதல் நாளிலேயே இரும்பைவிட்டுப் பிரியும். முதல் சில மில்லிமீட்டர் நேராக இறங்கினால் மற்றது தானாக இறங்கும். கோணினால் உடனே நிறுத்தி வெளியே எடுப்பதே நல்லது. முந்தின இரவு புஷ்ஷைக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்திருந்தார்கள். இரும்பு இழை அளவு சுருங்கும், அந்த இழை அளவு பிரெஸ்ஸில் நன்றாகவே தெரியும்.

இனி முடுக்குவது. வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, பெரும்பாலான பட்டறைகளில் கெடுவதும் இங்கேதான். வண்டி தாங்கிகளின் மேல் இருக்கும்போது சக்கரங்கள் காற்றில் தொங்கும். ஆர்ம் தன் பயணத்தின் அடிமட்டத்தில் இருக்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால், உள்குழாய் தாங்கியின் இரண்டு சுவர்களுக்கு நடுவே பற்றிக்கொள்ளும். ரப்பருக்கு அதுவே ஓய்வு நிலை ஆகிவிடும். பிறகு வண்டியை இறக்கினால் ஆர்ம் மேலே வரும், உள்குழாய் நகராது, இடையில் உள்ள ரப்பர் முறுக்கப்படும். ஆர்மின் நீளம் நாற்பது சென்டிமீட்டர், சக்கரம் தொங்கும் நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் உள்ள வேறுபாடு பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த முறுக்கு ஏறக்குறைய பதினான்கு டிகிரி. வீட்டில் சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு இருந்துகொண்டே இருக்கும். அதன் மேல் சாலையின் முறுக்கும் சேரும்போது ரப்பர் சில மாதங்களில் பிய்ந்துவிடும். வாடிக்கையாளர் மட்டச் சரக்கு என்று கடைக்காரரை ஏசுவார். சரக்கில் குறை இருக்காது.

ஆகவே போல்ட்டுகளை முதலில் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் போட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தைச் சில தடவை அழுத்தி ஆட்டி உட்காரவைத்த பிறகே கடைசி முடுக்கு. தரையில் நின்ற வண்டிக்கு அடியில் ஸ்பேனர் நுழையாது என்பதே இதைச் செய்யாததற்குச் சொல்லப்படும் காரணம். அதற்கு வழி இருக்கிறது. சக்கரங்களுக்கு அடியில் கெட்டியான மரக்கட்டைகளையோ சாய்வுப் பலகையையோ வைத்து வண்டியை அதன் மேல் நிறுத்தலாம். வண்டிக்கு அடியில் இறங்கி நிற்கக் குழி உள்ள பட்டறையில் கவலையே இல்லை. பெரியவர் செய்தது மூன்றாவது வழி: கீழ் ஆர்மின் அடியில் ஜாக் வைத்து, சக்கரத்தின் மையத்துக்கும் ஃபெண்டர் விளிம்புக்கும் உள்ள தூரம், வண்டி தரையில் நின்றபோது அளந்து எழுதிவைத்த அளவுக்கு வரும்வரை மெல்லத் தூக்கினார். கழற்றும் முன்னரே அந்த அளவை எடுத்திருந்தார். “இந்த நம்பர மறந்துட்டா மத்த வேலையெல்லாம் தண்டம் தம்பி” என்றார். முடுக்குவதற்குக் கைக்கணக்குப் போதாது. கையேட்டில் உள்ள அளவை டார்க் ரென்ச்சில் வைத்து முடுக்க வேண்டும். தளர்வாக விட்டால் உள்குழாய் தாங்கிக்குள் சுழன்று உலோகத்தைத் தின்னும், அளவு மீறினால் போல்ட் நீண்டு வலுவிழக்கும். பூட்டு நட்டுகள் ஒரு முறைக்கானவை. துருவேறி அரித்த போல்ட்டையும் மறுபடி போடக் கூடாது. புதுப் போல்ட்டின் நடுத்தண்டில், உள்குழாயைத் தொடும் இடத்தில் மட்டும், துருத் தடுப்பு மெழுகு மெல்லியதாகப் பூசப்பட்டது. அடுத்த முறை கழற்றுகிறவருக்குப் பிளேடு தேவைப்படாது.

பின்பக்கம் முடிந்ததும் அலைன்மென்ட். பின்சக்கரத்தின் திசையை முதலில் சரிசெய்து, அதற்குப் பிறகே முன்சக்கரம். பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து எந்தத் திசையைத் தள்ளுகின்றனவோ அதுவே வண்டியின் உண்மையான நேர்கோடு. முன்னால் மட்டும் சரிசெய்து அனுப்பினால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், ஓட்டுபவர் அந்தக் கோணலுக்கே பழகிப்போவார். இந்த வீராவில் முன்பு குறித்துவைத்த வாஷர்க் குறி சரியான இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளியே இருந்தது. தளர்ந்த புஷ்ஷுக்கு ஈடுகட்ட முன்பு யாரோ திருப்பிவைத்த கோணம் அது. புதுப் புஷ்ஷில் அந்த ஈடு தேவையில்லை.

உள்விளிம்பு தேய்ந்த டயர்களை முன்பக்கத்துக்கு மாற்றாமல் கழித்துவிட்டார்கள். ஈரச் சாலையில் அவற்றை நம்ப முடியாது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரென்ச்சால் தொட்டுப் பார்த்தார்கள். நெம்புகோலை வைத்து அழுத்தியபோது ஆர்ம் கொஞ்சம் அசைந்து, விட்டவுடன் திரும்பியது. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் வண்டியின் அடியை நல்ல தண்ணீரால் கழுவி, போல்ட் தலைகளைச் சுற்றித் தேங்கிய மண்ணை எடுத்தார்கள். வெள்ளம் வரும் ஊரில் ஓடும் எந்தக் காருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை அதைச் செய்ய வேண்டும்.